மேல்மண் பயிருக்கு, அடிமண் சுவருக்கு, பள்ளம் தண்ணீருக்கு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர்கள் கிளியனூரைத் தாண்டியதும் சன்னல் வழியே பார்த்தால், சாலையின் இருபுறமும் செம்மண் மேடுகள் தென்படும். சில இடங்களில் முந்திரித் தோப்பு, சில இடங்களில் சவுக்கு, சில இடங்களில் ஒன்றுமே இல்லாத வெறும் தரிசு. 'இந்தத் தரிசை வாங்கித் திருத்தி, அதிலேயே ஒரு வீடும் கட்டிக் கொண்டால் என்ன?' என்ற ஆசை நம் பெற்றோர் பலருக்கு வருவது இயற்கை. அப்படி ஆசைப்பட்ட ஒரு குடும்பத்தின் அனுபவத்தையும், அதையொட்டி நாங்கள் கற்றுக் கொண்டவற்றையும் இந்த ஆண்டு மலரில் நம் பள்ளிச் சகோதரிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் என்பது இயற்கைக் கழகத்தைச் சேர்ந்த பதினான்கு மாணவியர். எங்களுள் ஒருத்தியின் தந்தை கொத்தனார். சென்னையில் பல ஆண்டுகள் பிறர் வீட்டைக் கட்டிக் கட்டிச் சேர்த்த பணத்தோடு, கொஞ்சம் கடனும் வாங்கி, 2024 ஆவணியில் 2 ஏக்கர் மேட்டுக் கொல்லை வாங்கினார். கிழக்குப் பக்கம் சற்றே சரிந்த நிலம். கருவேலமும் கோரையும் மண்டிக் கிடந்தது. கிணறு இல்லை.

ஒரு மழையில் நடந்தது

ஐப்பசியில் ஒரு டிராக்டரை மணிக்கணக்கில் வாடகை பேசி வரவழைத்தார்கள். முள்ளை வேரோடு பெயர்த்து ஓரத்தில் தள்ளினார்கள். பிறகு சட்டிக் கலப்பையை மாட்டி உழுதார்கள். நிலம் நீளவாட்டில்தான் சரிந்திருந்தது. நீளவாட்டில் ஓட்டினால் வண்டியை அடிக்கடி திருப்ப வேண்டியதில்லை. நேரமும் டீசலும் மிச்சம். ஆகவே மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக ஓட்டி, அரை நாளில் வேலை முடிந்துவிட்டது. மாலையில் பார்த்தபோது நிலம் சீவி விட்ட தலை போல அழகாக இருந்ததாம். எங்கள் தோழி அன்று அதைப் படமெடுத்து வந்து வகுப்பில் எல்லோரிடமும் காட்டினாள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தில் யாரும் அந்த இரவை மறக்க மாட்டோம். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 100 சென்டிமீட்டர்தான். அதில் பாதியை வானம் ஒரே நாளில் கொட்டிவிட்டது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,470 லிட்டர் தண்ணீர். 50 சென்டிமீட்டர் என்றால் 20 இலட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 168 வந்து ஒரே ஏக்கரில் ஊற்றிவிட்டுப் போனது போல! அவ்வளவு தண்ணீரும் மேலிருந்து கீழாக உழுத சால்களையே வாய்க்காலாக்கிக் கொண்டு ஓடியது. தண்ணீர் சும்மா ஓடாது. கலப்பை இளக்கி வைத்த மண்ணையும் தூக்கிக் கொண்டுதான் ஓடும்.

மழை விட்டபின் அவர்கள் போய்ப் பார்த்தபோது, நிலத்தின் கீழ் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை அறுத்திருந்தது. மேல் பாதியில் கலப்பை பட்ட மண்ணில் பெரும்பகுதி இல்லை. சிவந்த கடினமான அடிமண் பல்லிளித்துக் கொண்டிருந்தது. போன மண் பக்கத்துக் கழனியில் நெற்பயிரை மூடிக் கிடந்தது. அந்தக் கழனிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எங்கள் தோழியின் தந்தை தலை குனிந்து நின்றாராம்.

அதே வாரத்தில் ஒரு செம்மண் வியாபாரி வந்தார். "மேல் மண்தான் போயிடுச்சே, மீதியை ஆறடி ஆழத்துக்கு நான் எடுத்துக்கிறேன். உங்க கடன் அடைஞ்சிடும்" என்றார். விற்பதற்காகச் செம்மண் அள்ள அரசு அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, ஆறடி மண்ணை விற்றபின் அங்கே நிலம் என்று என்ன மிஞ்சும்? ஆனாலும் கடன்காரனுக்குத்தானே கடனின் பாரம் தெரியும்! அவர் பதில் சொல்ல ஒரு மாதம் தவணை கேட்டார். எங்கள் தோழி மறுநாள் வகுப்பில் அழுததைக் கண்ட சிஸ்டர், "முடிவு எடுப்பதற்கு முன் ஒரு இடத்தைப் போய்ப் பார்த்து வாருங்கள், அப்பாவையும் அழைத்துப் போங்கள்" என்றார். அப்படித்தான் 2025 ஜனவரியில் எங்கள் புவியியல் ஆசிரியையுடன் ஆரோவில்லுக்குப் புறப்பட்டோம்.

செம்மேட்டின் கதை

திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கிக் கிழக்கே போனால் ஆரோவில். அதன் பெரும்பகுதி நம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் செம்மேட்டின் மண்ணைப் பற்றி ஆசிரியை பேருந்திலேயே விளக்கினார். வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடப்பதை நம்மில் பலர் சுற்றுலாவில் பார்த்திருக்கிறோம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலிலும் களியிலும் புதைந்த மரங்கள் அவை. இந்தப் பகுதியின் செம்மேடுகள் பலவும் அப்படி நீர் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் கலந்தவை. ஆகவே தண்ணீர் கொண்டுவந்த மண்ணைத் தண்ணீரே திரும்பவும் கொண்டுபோவது எளிது. மணலும் களியும் கலந்திருப்பதாலேயே அந்த மண் சுவர் வைப்பதற்கும் ஏற்றது. ஒரே குணம் ஓரிடத்தில் குறையாகவும் மற்றோரிடத்தில் நிறைவாகவும் ஆகிறது.

1968 பிப்ரவரி 28 அன்று, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாசாவின் திட்டப்படி ஆரோவில் தொடங்கப்பட்டது. அன்று 124 நாடுகளின் பிரதிநிதிகள் தத்தம் நாட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவிலான ஒரு தாழியில் இட்டார்கள். ஆனால் அவர்கள் நின்ற இடத்து மண்ணோ மழைக்கு மழை கடலுக்குப் போய்க் கொண்டிருந்தது! மேட்டில் பெய்த மழை ஓடைகளை அறுத்துக் கொண்டு கடலில் விழும்போது கரையோரக் கடலே சிவந்திருக்குமாம். நாற்றங்காலில் வேலை செய்யும் பக்கத்து ஊர் அம்மாள் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இங்க நிழல்னா ஒரு பனைமர நிழல்தான். அது நகர நகர நாங்களும் நகர்ந்து உட்காருவோம்."

இன்று அதே இடத்தில் காடு. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். எங்களுக்கு மரங்களின் எண்ணிக்கையைவிட வேலையின் வரிசைதான் பெரிதாகப் பட்டது. அவர்கள் முதலில் செய்தது மரம் நடுவதன்று, மழைநீரை நிறுத்துவது. சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போட்டார்கள். ஓடைகளில் தடுப்புகள் கட்டினார்கள். அந்த மண்ணைக் கூடையில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும். நீர் நின்ற இடத்தில்தான் செடி நின்றது.

முதலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வகை வேலமரம் போன்ற, வேகமாக வளரும் மரங்களை நட்டார்கள். அவற்றின் நிழலும் சருகும் மண்ணை ஆற்றின. பிறகு இந்தக் கரைக்கே உரிய பாலை, வீரை, காயா, வெட்பாலை, கருங்காலி முதலியவற்றை நடத் தொடங்கினார்கள். விதைகளுக்கு எங்கே போவது? கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற இடங்களில் நம் முன்னோர் வெட்டாமல் காத்து வைத்திருந்த பழைய காட்டின் மிச்சங்கள் இருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலில் வேகமாக வளர்ந்த மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் பல நிமிர்ந்து நின்றன. அவசரத்துக்கு ஒரு மரம், ஆயுளுக்கு ஒரு மரம் என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டோம்.

டிராக்டர் வேலைக்காரனா, எஜமானனா?

திரும்பி வரும் வழியில் கொத்தனார் ஐயா கேட்டார்: "அப்படின்னா டிராக்டரே கூடாதா டீச்சர்?" நல்ல கேள்வி.

டிராக்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒரு சோடி மாடு பல நாள் உழவேண்டிய நிலத்தை அது சில மணி நேரத்தில் உழுகிறது. ஆனால் அதே வேகத்தில் தவறும் நடக்கும். அமெரிக்காவின் நடுப்பகுதியில் புல்வெளியாய்க் கிடந்த பெருநிலத்தை 1920-களில் டிராக்டர் கொண்டு உழுது கோதுமை விதைத்தார்கள். 1930-களில் மழை பொய்த்தது. புல்லின் வேர்ப்பிடிப்பை இழந்த மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப் புயல் பகலையே இருட்டாக்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. அதே மாத இறுதியில் அந்நாட்டு அரசு மண்வளப் பாதுகாப்புக்கென்றே தனித் துறை ஒன்றை ஏற்படுத்தியது. அங்கே மண்ணைக் காற்று தூக்கியது, இங்கே தண்ணீர் தூக்கியது. இரண்டு இடத்திலும் மண்ணைத் திறந்து போட்டது கலப்பை.

ஆகவே டிராக்டரைக் கொல்லையில் இறக்குமுன் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, திசை. சரிவுக்குக் குறுக்கேதான் உழவேண்டும். அப்போது ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வரப்பாகித் தண்ணீரை நிறுத்தும். வண்டியைப் பலமுறை திருப்ப வேண்டியிருக்கும். வாடகை கொஞ்சம் கூடும். மேல்மண் போவதைவிட அது இலாபமே.

இரண்டாவது, பதம். ஒரு நடுத்தர டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். சேறாக இருக்கும்போது இறக்கினால் சக்கரம் மண்ணை இறுக்கிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் உழவுப் பதம். பிசுபிசுவென ஒட்டினால் இரண்டொரு நாள் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது, ஆழம். 'அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்' என்பது மாட்டுக் கலப்பைக் காலத்துப் பழமொழி. அது பொய்யன்று. ஆனால் சட்டிக் கலப்பை அடிமண்ணைப் புரட்டி மேலே போட்டுவிடும். உயிருள்ள மேல்மண் கீழே போய்விடும். ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் உழுதாலும் கலப்பைக்குக் கீழே ஓர் இறுகிய தளம் உண்டாகி நீர் இறங்காது. அங்கே உதவுவது உளிக்கலப்பை. அது மண்ணைப் புரட்டாமல் ஒன்றரை அடி ஆழம் வரை கீறி மட்டும் விடுகிறது.

நான்காவது, காலம். பெருமழைக்கு முந்தின வாரத்தில் நிலத்தைத் திறந்து போடக் கூடாது. கோடை மழையில் உழுது, உடனே கொள்ளு, சணப்பை, கொழிஞ்சி என்று எதையாவது விதைத்துவிட வேண்டும். ஐப்பசி மழை வரும்போது மண்ணுக்கு மேல் ஒரு பச்சைப் போர்வை இருக்க வேண்டும்.

மேல்மண்ணுக்கு ஏன் இத்தனை பரிவு? ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. நம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய 'டி.எம்.வி. 2' என்ற மணிலா இரகம் 1940-இல் இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்து, இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் பரவியது. நாம் மல்லாட்டை என்று கொறிக்கும் இந்தப் பயிருக்குப் பூ மண்ணுக்கு மேலே, காய் மண்ணுக்குள்ளே. பூவின் அடியிலிருந்து காம்பு நீண்டு மண்ணைத் துளைத்து இறங்கினால்தான் காய் பிடிக்கும். இளகிய மேல்மண் இல்லாத நிலத்தில் எந்த இரகத்தை விதைத்து என்ன பயன்?

மட்டம் பார்க்கும் முக்கோணம்

சரிவுக்குக் குறுக்கே என்று சொல்வது எளிது. கண்ணால் பார்த்து மட்டம் சொல்வது சிரமம். இதற்கு ஒரு பைசா செலவில்லாத கருவி உண்டு. ஏழடி நீளமுள்ள இரண்டு சவுக்குக் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். கால்களை அகட்டி, நடுவில் குறுக்காக ஒரு கழி கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். இப்போது இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, முதல் கால் இருந்த அதே இடத்தில் இரண்டாம் காலும், இரண்டாம் கால் இருந்த இடத்தில் முதல் காலுமாக ஊன்றி மற்றொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருப்பதுதான் மட்டக் கோடு.

இனி நிலத்தின் ஓர் ஓரத்தில் ஒரு காலை ஊன்றி, கயிறு மட்டக் கோட்டில் நிற்கும்படி மறு காலை நகர்த்துங்கள். இரண்டு காலும் ஒரே உயரத்தில் நிற்கின்றன என்று பொருள். அங்கே ஒரு முளை அடியுங்கள். இப்படியே நடந்து போனால் முளைகள் வளைந்து வளைந்து செல்லும். அந்த வளைவுதான் நிலத்தின் மட்டம். அதன் மேலேயே வரப்புப் போட வேண்டும். 2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முழுவதும் நாங்கள் பதினான்கு பேரும் இரண்டு முக்கோணங்களுடன் அந்தக் கொல்லையில் நடந்தோம். மாலையில் கொத்தனார் ஐயா தம்முடைய டியூப் மட்டத்தை வைத்துச் சரிபார்த்தார். ஒரே ஓர் இடத்தில் இரண்டு விரற்கடை பிசகியிருந்தது. "பரவாயில்லையே, நம்ம சித்தாளுங்க கூட இவ்வளவு சுத்தமா பார்க்க மாட்டாங்க" என்றார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றே அவர் வியாபாரிக்குப் போன் செய்து, மண் விற்பதில்லை என்று சொல்லிவிட்டார். கடன் கடனாகத்தான் இருக்கிறது. அதை அடைக்க அவர் இன்றும் மாதத்தில் இருபது நாள் சென்னையில் வேலை செய்கிறார்.

மூன்று மண், மூன்று வேலை

இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு இப்போது வருவோம். கிணறில்லாத நிலத்துக்கு ஒரு பண்ணைக் குட்டை வேண்டும். வீட்டுக்குச் சுவர் வேண்டும். பயிருக்கு மேல்மண் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பள்ளத்தில் எடுக்கலாம் என்பதுதான் ஆரோவில்லில் நாங்கள் கண்ட பெரிய பாடம். அங்குள்ள மண் கட்டடக் கலை நிறுவனம் 1989-இல் ஹட்கோவின் ஆதரவுடன் தொடங்கப்பட்டது. மண்கல் அழுத்தும் இயந்திரங்களை உருவாக்கி, பல நாட்டவருக்கும் பயிற்சி தருகிறது. அதன் மண்கற்களால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம் 1992-இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரால் அமைந்த, ஏழைகளுக்கான கட்டடக் கலை விருதைப் பெற்றது. அதன் வளைவுகளின் கீழே நின்று கொத்தனார் ஐயா சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

சித்திரையில் அவர் நிலத்தின் கீழ்ப்பக்கத்தில் பொக்லைன் வைத்து 30 அடிக்கு 30 அடி, 5 அடி ஆழத்தில், கரைகள் சரிந்திருக்கும்படி ஒரு குட்டை வெட்டினார். ஏறக்குறைய 90,000 லிட்டர் தண்ணீர் கொள்ளும். வெட்டுவதற்கு முன் மேலிருந்த அரையடி மண்ணைத் தனியாகச் சீவி ஓரம் குவிக்கச் சொன்னார். ஓட்டுநர் சிரித்துக் கொண்டே, "மண்ணுல என்னண்ணே ரெண்டு விதம்?" என்று கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான்! மேல்மண்ணில் மக்கிய சருகும் வேரும் உயிர்களும் இருக்கின்றன. அதைச் சுவரில் வைத்தால் அவை மக்கிச் சுவர் பொக்காகும். அடிமண்ணில் அவை இல்லை; அதை வயலில் போட்டால் பயிர் வராது. ஆகவே மேல்மண் மணிலா விதைக்கும் பாத்திக்குப் போயிற்று. அடிமண் வீட்டுக்கு.

வீட்டுக்கு அடிமண் தகுமா என்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பார்க்கலாம். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல். களி மறுநாள் வரை கலங்கி நின்று கடைசியாகப் படியும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். சிமெண்டு கலந்த மண்கல்லுக்குச் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு என்ற அளவு சிறந்தது. களி மிகுந்தால் காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் கருங்களி நிலம் உள்ளவர்கள் இதில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் பாட்டிலில் களி சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஓடையில் படிந்த மணலையே சலித்துச் சேர்த்தோம்.

நூறு சட்டி மண்ணுக்கு ஐந்து சட்டி சிமெண்டு என்ற அளவில் கலந்து, இலேசாக ஈரமாக்கி, வாடகைக்கு எடுத்த கை இயந்திரத்தில் அழுத்தினார்கள். கல்லை அடுக்கி, மூடி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தார்கள். இந்த நான்கு வாரத்தில் சோம்பல்பட்டால் போட்ட சிமெண்டு வீண். சூளை இல்லை, விறகு இல்லை. ஆகவே சுட்ட செங்கல்லைவிட எரிபொருள் செலவு பல மடங்கு குறைவு. மண்ணும் போதுமா என்று கேட்பீர்கள். 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 24 சென்டிமீட்டர் கனம் உள்ள சுவர்கள் ஒரு சிறு வீட்டுக்குப் போதும். அது சுமார் 22 கன மீட்டர். மண் அழுந்தும்போது சுருங்குவதையும் சேர்த்தால் 40 கன மீட்டருக்குள் அடங்கும். குட்டையில் கிடைத்ததோ 90 கன மீட்டர். மேல்மண் போக எஞ்சியதைக் கொண்டு வரப்புகளைப் பலப்படுத்தினார்கள்.

மண் சுவருக்குத் தொப்பியும் செருப்பும்

இவ்வளவுக்கும் கொத்தனார் ஐயா எளிதில் சம்மதிக்கவில்லை. "முப்பது வருஷம் கம்பியும் சிமெண்டும் பிடிச்ச கை. நாலு பேர் என்ன சொல்வாங்க, இவனுக்கு வக்கில்லை, மண்ணுல கட்டுறான்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். அப்போது அவருடைய தாயார் பேசினார். "நீ பொறந்தது மண்ணு வீட்டுலதாண்டா. கூரை ஒழுகாத வரைக்கும் அந்தச் சுவரு நின்னுச்சு. கூரையை மாத்தாம விட்டது நாமதான், சுவரு மேல பழி போடாத" என்றார் அந்த ஆயா.

எங்கள் ஆசிரியை ஆச்சரியப்பட்டார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மண் வீடு கட்டுவோரிடையே, 'மண் வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் வேண்டும்' என்று ஒரு வழக்கு உண்டாம். தொப்பி என்பது கூரை. அது சுவருக்கு வெளியே இரண்டடிக்குக் குறையாமல் நீண்டிருக்க வேண்டும். செருப்பு என்பது அடித்தளம். கருங்கல்லில் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது எழும்பி, அதன் தலையில் ஈரமும் கரையானும் ஏறாதபடி ஒரு சிமெண்டுப் பட்டை வைக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் மண் சுவர் நூற்றாண்டு காணும். ஏமன் நாட்டு ஷிபாமில் வெயிலில் காய்ந்த மண்கற்களால் ஆன பல மாடிக் கட்டடங்கள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. ஆனால் அவற்றைப் பூசிப் பராமரிக்க மனிதர்கள் இருக்கிறார்கள். மண் வீடு கவனிப்பைக் கேட்கும் வீடு. வெள்ளம் தேங்கும் தாழ்ந்த இடத்தில் அதைக் கட்டலாகாது. முறைப்படி வரைபட அனுமதியும், விவரம் தெரிந்த பொறியாளரின் யோசனையும் இன்றியமையாதவை.

இன்றைய நிலை

2025 மழைக்காலத்தில் என்ன நடந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். வரப்புகள் தண்ணீரை நிறுத்தின. மூன்றாவது வரப்பு மட்டும் ஓர் இரவில் உடைந்தது. தவறு எங்களுடையது. ஏரிக்குக் கலிங்கல் இருப்பது போல ஒவ்வொரு வரப்புக்கும் மிகுந்த நீர் வழிய ஒரு வழி விடவேண்டும், அதில் கல் பதிக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். இரண்டு வரப்புக்கு விட்டோம், மூன்றாவதற்கு மறந்தோம். மீண்டும் பதினான்கு பேரும் கூடை தூக்கினோம். பக்கத்துக் கழனிக்காரர் வந்து தம் மண்வெட்டியால் கலிங்கல் வெட்டிக் காட்டினார். போன ஆண்டு பேசாமல் இருந்தவர் அவர்.

குட்டை நிறைந்தது. வரப்புகளின்மேல் ஊன்றிய பனங்கொட்டைகளில் பாதிக்கு மேல் முளைவிட்டிருக்கின்றன. வேலிக்கு நட்ட கிளுவை துளிர்த்திருக்கிறது. மேல்மண் பரப்பிய அரை ஏக்கரில் மல்லாட்டை விளைச்சல் சுமார்தான். மண் தேற இன்னும் சில ஆண்டுகள் ஆகும். வீட்டின் சுவர் சன்னல் மட்டம் வரை வந்து நிற்கிறது. கூரைக்குப் பணம் சேரும் வரை அதன் தலையைக் கீற்றால் மூடி வைத்திருக்கிறார்கள். மழையில் ஒரு கல்லும் கரையவில்லை.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் இந்தப் பூமியை நம் எல்லோருக்கும் பொதுவான வீடு என்று நினைவூட்டியதைச் சிஸ்டர் ஞானோபதேச வகுப்பில் விளக்கினார். அப்போது எங்களுக்கு அந்த 2 ஏக்கர்தான் நினைவுக்கு வந்தது. எவ்வளவு பெரிய வீட்டையும் ஒரு மூலையிலிருந்துதானே பெருக்கத் தொடங்குகிறோம்?

அன்புப் பெற்றோரே, நிலம் வாங்கியவுடன் டிராக்டரை அழைக்காதீர்கள். முதலில் ஒரு மழையில் குடை பிடித்துக் கொண்டு உங்கள் நிலத்தில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். டிராக்டரும் மண் தள்ளும் இயந்திரமும் அங்கே மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. தங்கைகளே, வீட்டில் நிலம் திருத்தும் பேச்சு வந்தால், 'பெண்பிள்ளைக்கு இதில் என்ன தெரியும்?' என்று சொல்வதற்கு முன் இரண்டு சவுக்குக் கழியும் ஒரு கயிறும் கேளுங்கள். முக்கோணம் கட்ட நாங்கள் கற்றுத் தருகிறோம். இயற்கைக் கழகம் வெள்ளி தோறும் மாலை 4 மணிக்கு வேப்பமரத்தடியில் கூடுகிறது.

– இயற்கைக் கழக மாணவியர், மேல்நிலை வகுப்பு